நிற்க வைத்து விற்பது

2021ல் தமிழ்நாட்டில் ஒரு சின்ன சட்டத்திருத்தம் வந்தது. 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார ஒரு வாய்ப்பு ஏற்பட்டால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் பூராவும் காலிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம். தினசரிகள் செய்தி போட்டன. கலாச்சாரம், கலாச்சாரம் என்று மூச்சுவிடாமல் பேசுகிற நம் சிறுபத்திரிகைகளில் இதைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. தொழிலாளர் துறை விவகாரம், நமக்கென்ன என்று விட்டிருப்பார்கள். ஒரு மனுஷி உட்காருவதற்குச் சட்டசபை கூடி ஒரு ஷரத்து எழுத வேண்டியிருந்தது என்பது கலாச்சார விஷயம் இல்லையென்றால் வேறு எதுதான் கலாச்சார விஷயம் என்று எனக்குப் புரியவில்லை.

நிற்பது என்றால் என்ன என்பதை முதலில் உடம்பின் பாஷையில் சொல்லிவிடலாம். தி. நகரிலோ, மதுரை, திருநெல்வேலி, கோவைக் கடைவீதிகளிலோ, ஒரு பெரிய ஜவுளிக்கடையில் காலையில் கதவு திறக்குமுன் தன் செக்‌ஷனில் போய் நிற்கிற பெண், இரவு கடைசி வாடிக்கையாளர் இறங்கிப் போன பிறகும் அங்கேயே இருக்கிறாள். பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்க வேண்டும். ஒரு குடும்பம் ஒரு புடவை எடுக்க நாற்பது புடவை பிரித்துப் பார்க்கும். நாற்பதையும் மடித்து அடுக்குவதுதான் விற்பனையின் கண்ணுக்குத் தெரியாத பாதி. மத்தியானச் சாப்பாடு முறைவைத்து. மொட்டைமாடிக்கோ நிலவறைக்கோ படியேறி இறங்கிப் போய்வருவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும்; லிஃப்ட் வாடிக்கையாளருக்கு. தண்ணீர் குடித்தால் மூத்திரம் வரும். வந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் நீர்க்கடுப்பு. சாயந்திரத்தில் பாதம் வீங்குகிறது. சில வருஷங்களில் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாய்ப் புடைக்கிறது. கல்யாணத்துக்கு நகை சேர்க்க வந்த பெண், கல்யாணத்துக்கு முன்பே ஒரு கிழவியின் கால்களோடு ஊர் திரும்புகிறாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை; மிகைநேரம் சேர்த்தாலும் 10 மணியைத் தாண்டக் கூடாது; 4 மணி நேர வேலைக்குப் பின் 1 மணி ஓய்வு; ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் அன்றைய வேலை முடிந்துவிட வேண்டும். எல்லாம் 1947லிருந்து அச்சில் இருக்கிறது. அச்சில் இருப்பது எதுவும் இங்கே நடப்பதைத் தடுப்பதில்லை என்பதை எழுத்தாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. ‘வேலை அப்படி, சார். கடை வேலை என்றால் நிற்கத்தான் வேண்டும்.’ இது பொய். வெறும் பொய்யல்ல, நமக்கு ஞாபகம் இருக்கிற வரலாற்றையே மறைக்கிற பொய். பழைய ஜவுளிக்கடையைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. முதலாளி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் திண்டில் சாய்ந்து. வாங்க வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு மெத்தையில் சம்மணமிட்டு. எதிரே, அதே மெத்தையில், அதே மட்டத்தில், துணியை விரித்துக் காட்டுகிற கடைச் சிப்பந்தி. அலமாரியிலிருந்து எடுக்க எழுந்தான், காட்டுவதற்கு உட்கார்ந்தான். அந்தக் கடை ஒன்றும் சமத்துவபுரம் அல்ல. எல்லோரையும் அது மெத்தையில் உட்காரவைக்கவில்லை என்பதும் தெரியும். ஆனால் துணி விற்க மனிதன் நின்றாக வேண்டும் என்கிற இயற்கை விதி ஏதும் இல்லை என்பதற்கு அந்த மெத்தை போதும். இன்றைக்கும் அதே கடையில் பில் போடுகிறவர் உட்கார்ந்துதான் போடுகிறார். ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட்டுகளில் பணம் வாங்குகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, நின்றுகொண்டு செய்பவர்களுக்குச் சற்றும் குறையாத வேகத்தில் சாமான்களைத் தள்ளுகிறார். வேலை நிற்கச் சொல்லவில்லை. வேறு ஏதோ நிற்கச் சொல்கிறது.

அந்த வேறு ஏதோ என்ன என்பதுதான் என் விஷயம்.

நம் ஊரில் உட்காருவதும் நிற்பதும் வெறும் உடம்பின் நிலைகளாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் முன்னால் யார் உட்காரலாம், திண்ணையில் யார், திண்ணைக்குக் கீழே யார், டீக்கடை பெஞ்சில் யார், பெஞ்சுக்கு வெளியே குத்துக்காலிட்டு யார் என்பது நம் சமூகத்தின் இலக்கணம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது என்று ஒரு நிலையையே நாம் உருவாக்கி, அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருக்கிறோம். கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையில், நாற்காலியே இல்லாத ஒரு ஊரில் ஒரு வீட்டுக்கு நாற்காலி வருகிறது. கடைசியில் அது இழவு வீடுகளுக்குப் பிணத்தை உட்காரவைக்கப் போகிற பொருளாகிறது. நாம் சிரித்துவிட்டு மேலே போய்விட்டோம். நாற்காலி நம்மிடையே மரச்சாமானாக வரவில்லை, அந்தஸ்தாக வந்தது. அது கதைசொல்லிக்குத் தெரிந்திருந்தது.

பெரிய கடை செய்த காரியம் இதுதான்: இந்தப் பழைய மரியாதையை அழிக்கவில்லை, சில்லறைக்கு விற்க ஆரம்பித்தது. முன்பு ஒருவன் இன்னொருவன் முன்னால் நிற்க வேண்டுமானால் நிலம் வேண்டும், ஜாதி வேண்டும், தலைமுறை வேண்டும். இன்று ஐந்நூறு ரூபாய் போதும். ஆபீஸில் பகல் பூராவும் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் ஃபைலோடு நிற்கிற குமாஸ்தா, சாயந்திரம் குடும்பத்தோடு கடைக்கு வந்து குஷன் ஸ்டூலில் உட்காருகிறார். எதிரே நாலு பெண்கள் நிற்கிறார்கள். ‘வாங்க சார், என்ன பாக்கறீங்க சார்’ என்கிறார்கள். அவர் பார்க்கிறார், பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார், இன்னும் காட்டு என்கிறார். வாழ்க்கையில் வேறெங்கும் அவருக்குக் கிடைக்காத ஜமீன்தாரித்தனம் அரைமணி நேரத்துக்கு அங்கே கிடைக்கிறது. பில்லில் அதற்குத் தனியாக ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். புடவைக்கு விலை நெசவிலிருந்து மட்டும் வருவதில்லை. நிற்கிற காலிலிருந்தும் வருகிறது. தள்ளுபடி தருகிற கடை எதையோ இலவசமாகத் தருகிறது என்று நினைப்பவர்கள், அந்த இலவசத்தை யார் உடம்பிலிருந்து எடுத்துத் தருகிறது என்று பார்ப்பதில்லை.

ஆகவே நிற்க வைப்பது முதலாளியின் குரூரம் மட்டும் அல்ல. குரூரமாக மட்டும் இருந்தால் எளிது, திட்டிவிட்டுப் போகலாம். அது விற்பனைப் பொருள். வாங்குகிறவர்கள் நாம். உட்கார்ந்திருக்கிற பணிப்பெண்ணைப் பார்த்தால் ‘கஸ்டமர் நிக்கறாங்க, நீ உக்காந்திருக்கியே’ என்று குரல் உயர்த்துகிற முதல் ஆள் பல சமயம் சூப்பர்வைசர் அல்ல, வாடிக்கையாளர். சூப்பர்வைசர் அந்தக் குரலுக்குப் பயந்தவர், அவரும் நின்றுகொண்டிருப்பவர்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு மோசடி, உறவுமுறை. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து பையன்கள் பட்டணத்து மளிகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் போவது பழைய வழக்கம். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே தூக்கம். முதலாளி ‘அண்ணாச்சி’. அடி உண்டு, வசவு உண்டு, சம்பளம் கையில் வராது. ஆனால் ஒரு ஏணியும் உண்டு. ஏழெட்டு வருஷம் கழித்து, கொள்முதலும் கணக்கும் படிந்த பையனுக்கு அண்ணாச்சியே கைமுதல் கொடுத்து வேறு தெருவில் ஒரு கடை வைத்துக்கொடுப்பார். எல்லோருக்கும் அல்ல, ஆனால் பையன் நம்புகிற அளவுக்குக் கண்ணெதிரே உதாரணங்கள் இருந்தன. அந்த நம்பிக்கைதான் சம்பளத்தில் பாதி.

ஏழு மாடிக் கடையில் ஏணி இல்லை. அங்கே பத்து வருஷம் பனியன் செக்‌ஷனில் நின்றவனுக்குப் பனியனின் சைஸ் தெரியும். கொள்முதல் தெரியாது, கணக்கு தெரியாது. அவன் ஒரு நாளும் இன்னொரு ஏழு மாடி கட்டப் போவதில்லை. ஆனால் ஏணியை எடுத்துவிட்டவர்கள் அதன் பாஷையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ‘அண்ணாச்சி’ அப்படியே இருக்கிறார். ‘நம்ம குடும்பம்’ அப்படியே இருக்கிறது. குடும்பத்தில் யாராவது மிகைநேரக் கூலி கேட்பார்களா? தங்குவதற்கு இடம் கொடுத்து, சோறு போட்டு, ஊரிலிருந்து தகப்பனார் நேரில் வந்து ஒப்படைத்துவிட்டுப் போன பெண், யாருக்கு எதிராகப் புகார் எழுதுவாள்? ஹாஸ்டல் என்பது வசதி என்கிறார்கள். ஒரு அறையில் வரிசையாய்ப் பெட்டிகள், எண்ணி வைத்த பாய்கள். வேலையை விட்டால் அன்றிரவே படுக்கையும் போய்விடும் என்கிற ஏற்பாட்டுக்கு வசதி என்று பெயர் வைக்கத் தமிழில் நமக்குச் சாமர்த்தியம் இருக்கிறது. ‘அண்ணாச்சி’ என்கிற அருமையான சொல்லுக்கு நேர்ந்த கதி, பாஷையைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்லிக்கொள்கிறவர்களையாவது உறுத்தியிருக்க வேண்டும்.

திருத்தம் வந்துவிட்டதே, இனியென்ன என்பவர்களுக்கு: அந்த ஷரத்தை ஒரு கவிதையைப் படிக்கிற சிரத்தையோடு படியுங்கள். உட்கார ‘வாய்ப்பு ஏற்பட்டால்’ உட்காரலாம். அந்த வாய்ப்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்வதுதானே கடையின் நிர்வாகக் கலை? கூட்டம் இல்லாத நேரத்தில் மடி. மடித்தாயிற்றா, அடுக்கு. அடுக்கியாயிற்றா, தூசி தட்டு. அதுவும் ஆயிற்றா, வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நில். மேலே காமிரா பார்த்துக்கொண்டிருக்கிறது. 2019ல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் வருஷத்தின் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணையும் வந்தது. வார விடுமுறை சுழற்சியில் தர வேண்டும், 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதில் நிபந்தனைகள் இருக்கின்றன. எழுதிவைப்பதில் நாம் குறை வைப்பதே இல்லை. ஸ்டூலைப் போட்டுவிட்டு, அதில் உட்காருகிறவளைப் பார்க்கிற பார்வையை மாற்றாமல் விட்டால், ஸ்டூல் இன்ஸ்பெக்டர் வரும்போது காட்டுவதற்கான ஒரு சாமான். அந்த நாற்காலிக்கும் கி.ரா.வின் நாற்காலிக்கும் அதிக தூரமில்லை.

கேரளத்தில் இது நமக்கு முன்பே, 2018ல், சட்டமாயிற்று. அங்கே அது மேலிருந்து விழுந்த கருணை அல்ல. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துகொண்டிருந்த பி. விஜி, கடைப் பெண்களைப் ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் சேர்த்தார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. நாற்காலி பிறகுதான். 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் சிலர் வெளியே வந்து போராட்டத்தில் இறங்கினார்கள். நூறு நாளுக்கு மேல் நடந்தது. அதை ‘இரிக்கல் சமரம்’ என்றார்கள்: உட்காரும் போராட்டம். அந்தப் பெயரில் ஒரு கவித்துவம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் கவிஞர்கள் அல்ல. தமிழ்நாட்டில் அதன் பலன் எதிரொலியாக வந்து சேர்ந்தது, போராட்டம் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைக்குள் போய்ப் பார்த்தால் தெரியும்.

இப்போது நம்மிடம் வருகிறேன்.

நவீனத்துவம் நமக்கு அந்நியமாதலைக் கற்றுக்கொடுத்தது. காம்யூவையும் காஃப்காவையும் கையில் எடுத்தோம். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற தனியனை எத்தனை கதைகளில், எத்தனை கவிதைகளில் எழுதியாயிற்று! அவனுக்குக் கட்டில் உண்டு, படுத்திருக்கிறான். ஆபீஸில் நாற்காலி உண்டு, அதை வெறுக்கிறான். மேன்ஷனிலிருந்து பஸ் தூரத்தில், வரிசைப் பெட்டிகளுக்கு நடுவே, கால் வலியில் தூக்கம் வராமல், பக்கத்துப் பாயில் இருப்பவளுக்குக் கேட்காமல் அழுகிறவளுக்கு அந்நியமாதல் கிடையாதா? அவளுக்கு இருப்பது வெறும் ‘பொருளாதாரப் பிரச்சினை’யா? உள்ளுலகம் என்பது உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமா? நம்மில் அநேகம் பேர் வங்கி, பள்ளிக்கூடம், தபால், தொலைபேசி என்று நாற்காலி உத்தியோகங்களிலிருந்து எழுத வந்தவர்கள். அந்த நாற்காலிகளுக்குப் பின்னாலும் யாரோ நடத்திய சங்கங்கள் இருந்தன. பார்வையின் உயரம் உட்கார்ந்திருக்கிற உயரத்தால் தீர்மானமாகிவிடக் கூடாது என்பதுதானே எழுத்தின் முதல் நிபந்தனை?

முற்போக்கு நண்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவர்கள் கையில் இந்தப் பெண் கிடைத்தால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். முதல் பக்கத்தில் கண்ணீர், மூன்றாம் பக்கத்தில் பெருத்த தொந்தியோடு முதலாளி, கடைசிப் பக்கத்தில் கிழக்கு வெளுக்கும். அவள் வாடிக்கையாளரைப் பார்த்து மனசுக்குள் செய்கிற கேலி, ஒரு புடவையைப் பிரிக்கும்போதே இவர்கள் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்துகொள்கிற நுட்பம், பண்டிகை முன்னிரவுக் கூட்டத்தில் அவளுக்கு வருகிற ஒரு விபரீத உற்சாகம், பக்கத்து செக்‌ஷன்காரி மீது பொறாமை, இதெல்லாம் அங்கே வராது. பரிதாபத்துக்குரியவளுக்கு மனசு எதற்கு?

‘படமே வந்துவிட்டதே’ என்பார்கள். வந்தது. 2010ல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’. வசனம் ஜெயமோகன். வணிக சினிமாவுக்குள் நின்றுகொண்டு அந்தப் படம் காட்டிய அளவுக்கு இலக்கியம் காட்டவில்லை என்பது உண்மை, வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் படத்துக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. அடிக்கிற மேற்பார்வையாளர் கிடைத்தார். வில்லன் கிடைத்தவுடன் பார்வையாளன் விடுதலையாகிறான். வாடிக்கையாளர் அந்தப் படத்தில் பெரும்பாலும் கூட்டம்; முகமில்லாத பின்னணி. தியேட்டரில் அழுதவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையே ரங்கநாதன் தெருவுக்குப் போயிருக்கலாம். போவதில் தவறில்லை, ஏழைகளும் அங்கேதான் வாங்க முடியும். தவறு, தான் பார்த்த கதையில் தனக்குப் பாத்திரமே இல்லை என்று நினைத்ததில். அந்தப் பாத்திரத்தை எழுத வேண்டியது நம் வேலை. அதை சினிமாவிடம் விட்டுவிட்டோம்.

மேற்கே இதை இலக்கியம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். 1883லேயே ஸோலா பாரீஸின் பெரிய கடைகளுக்குக் குறிப்பேட்டோடு போய்த் தகவல் சேகரித்து ஒரு நாவல் எழுதினார். வெளியூரிலிருந்து தம்பிகளோடு வந்து சேரும் பெண், கடை உச்சியில் கூரையடி அறை, மந்தகாலம் வந்ததும் கூட்டமாக வேலைநீக்கம், எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் அவள் முதலாளியையே கல்யாணம் செய்துகொள்கிறாள் என்பது ஸோலாவின் சறுக்கல். எச். ஜி. வெல்ஸ் பையனாயிருந்தபோது சௌத்ஸீயில் ஒரு துணிக்கடையில் 13 மணி நேர வேலையும் கூட்டுப் படுக்கையறையுமாக இரண்டு வருஷம் கழித்தவர். அந்த அனுபவம் 1905ல் ‘கிப்ஸ்’ நாவலாயிற்று. இங்கிலாந்தில் 1899ல், மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் வந்தது. நாம் அந்த இடத்துக்கு வந்துசேர 122 வருஷம் ஆயிற்று.

ஆனால் எனக்கு இவர்களையெல்லாம்விட முக்கியமாகப் படுகிறவர் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட். பதினாலு வயதில் துணிக்கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். கடைத் தொழிலாளர் சங்கத்தின் பத்திரிகையில், ‘கிரேஸ் டேர்’ என்ற புனைபெயரில், தங்குமறையில் மற்றவர்கள் தூங்கின பிறகு உட்கார்ந்து கதைகளும் குறிப்புகளும் எழுதினார். 1929ல் பிரிட்டனின் முதல் பெண் காபினெட் மந்திரியானார் என்பது இரண்டாம்பட்சம். நிற்கிறவள் தானே எழுதினாள், அதைப் போட ஒரு பத்திரிகை இருந்தது என்பதுதான் விஷயம்.

இன்று நம் கடைகளில் நிற்கிற பெண்கள் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்தவர்கள். எழுதத் தெரிந்தவர்கள். நாம் அவர்களைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், அவர்களில் ஒருத்தி ஹாஸ்டலில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கலாம். அது ஒரு நாள் நம் பத்திரிகை விலாசத்துக்கு வந்தால் என்ன செய்வோம்? உருவம் சரியில்லை, அனுபவம் இன்னும் கலையாக மாறவில்லை, மொழி தட்டையாக இருக்கிறது என்று ஒரு கார்டு எழுதித் திருப்பி அனுப்புவோமா? அனுப்பத்தான் செய்வோம் என்று பயப்படுகிறேன். உருவத்தைப் பற்றின நம் கறாரெல்லாம் நியாயமானதுதான்; அதை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கார்டை எழுதுமுன் ஒன்றை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும்: நாம் அளப்பது அவள் எழுத்தையா, அல்லது நம் முன்னால் அவள் கேட்காமல் உட்கார்ந்துவிட்டதையா?